உலகத்துக்கே யூகலிப்டஸ் அனுப்பியவர்

ஊட்டிக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள் பையில் இரண்டு பொருள் கட்டாயம் இருக்கும். ஒன்று வர்க்கி, இன்னொன்று நீலகிரித் தைலம். பெயரிலேயே நீலகிரி இருப்பதால் அந்தத் தைலத்துக்கான மரமும் நம்ம மலையில் ஆதிகாலத்திலிருந்தே நிற்கிறது என்று நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லீங்க. ஊட்டிக்காரர்கள் கற்பூர மரம் என்றும், சமவெளியில் தைல மரம் என்றும், சில ஊர்களில் ஆர்.எஸ்.பதி மரம் என்றும் கூப்பிடுகிற யூகலிப்டஸின் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. நீலகிரிக்கு அது வந்தது 1843-இல். கொண்டுவந்தவர் கேப்டன் காட்டன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி.

ஆனால் இந்தக் கட்டுரை காட்டனைப் பத்தி இல்லை. அவர் ஒரு மலைக்குத்தான் கொண்டுவந்தார். அதே மரத்தை ஐரோப்பா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று கண்டம் கண்டமாகப் போக வைத்தவர் இன்னொருத்தர். விதையை உறையில் போட்டுக் கடிதத்தோடு அனுப்பினார், மேடை மேடையாகப் பேசினார், புத்தகம் புத்தகமாக எழுதினார். அவர் பெயர் ஃபெர்டினாண்ட் ஃபான் முல்லர். ஆஸ்திரேலியத் தாவரவியலில் இவரைத் தாண்டி யாரும் போக முடியாது. மக்கடேமியா பருப்பு சாப்பிட்டிருந்தால் அந்தப் பெயரும் இவர் வைத்ததுதான், 1857-இல், ஜான் மக்கடம் என்ற நண்பருக்காக.

இவர் கெட்டவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யூகலிப்டஸ் பத்தி இன்றைக்கு நெட்டில் தேடினால் வில்லன் மரம் என்று பத்து வீடியோ வரும். அதைக் கேட்டுவிட்டு இவர் வாழ்க்கையைப் படித்தால் கொஞ்சம் குழப்பமாக இருக்கும். ஏனென்றால் அவர் காலத்தில் காட்டை வெட்டாதீர்கள் என்று அரசாங்கத்திடம் கத்திக்கொண்டிருந்த மிகச் சில பேரில் இவர் ஒருவர்.

1825 ஜூன் 30, ஜெர்மனியின் வடக்கே ராஸ்டாக் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். அப்பா சுங்கத்துறை அதிகாரி. பையனுக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பா போய்விட்டார், 1840-இல் அம்மாவும் போய்விட்டார். பதினைந்து வயதில் ஹூசும் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடையில் தொழில் கற்க உட்கார்ந்தார். அந்தக் காலத்து மருந்துக்கடை என்றால் நம்ம ஊர் நாட்டு மருந்துக்கடை மாதிரி கற்பனை செய்துகொள்ளுங்கள். வேரும் பட்டையும் இலையும் தெரியாமல் வேலை செய்ய முடியாது. செடி மேல் பைத்தியம் பிடித்தது அங்கேதான். கீல் பல்கலைக்கழகத்தில் 1847-இல் டாக்டர் பட்டம் வாங்கியபோது அவருக்கு வயது 22. இதற்கு நடுவில் காசநோய் ஒரு சகோதரியையும் கொண்டுபோயிருந்தது. வெயில் நாட்டுக்குப் போங்கள் என்று மருத்துவர்கள் சொல்ல, மிச்சமிருந்த இரண்டு சகோதரிகளையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். 1847 டிசம்பரில் அடிலெய்டில் இறங்கினார்.

அங்கேயும் முதல் வேலை மருந்துக்கடைதான். 1852-இல் மெல்போர்னுக்கு மாறினார். அப்போது விக்டோரியா முழுக்கத் தங்க வேட்டை. ஊரே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியது, இவர் செடி பறிக்கிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். 1853-இல் அந்தக் காலனியின் ஆளுநர் லா ட்ரோப் இவரை அரசுத் தாவரவியலாளராக நியமித்தார். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் ஆள் இவர்தான். சாகும் வரை, 43 வருஷம், அதே பதவி.

வேலையில் சேர்ந்ததும் மலை ஏறப் போய்விட்டார். குதிரையிலும் கால்நடையாகவும், பல நேரம் துணைக்கு ஆளே இல்லாமல், ஆஸ்திரேலிய ஆல்ப்ஸ் மலைகள் வரை. 1855-56-இல் அகஸ்டஸ் கிரிகரி தலைமையில் வட ஆஸ்திரேலியாவைக் குறுக்கே கடந்த பயணத்தில் தாவரவியலாளர் இவர். 1857-இல் மெல்போர்ன் தாவரவியல் தோட்டத்துக்கும் இயக்குநர் ஆனார். தானே போக முடியாத இடங்களுக்குக் கடிதம் போட்டார். பண்ணைக்காரர்கள், பாதிரியார்கள், ஆசிரியைகள், தபால்காரர் மனைவிகள் என்று யார் கிடைத்தாலும் விடவில்லை. இரண்டு காகிதத்துக்கு நடுவில் ஒரு கிளையை அழுத்தி அனுப்புங்கள், அவ்வளவுதான் கோரிக்கை. பெண்கள் மட்டுமே இருநூறுக்கு மேல் அவருக்குச் செடி சேகரித்து அனுப்பியிருக்கிறார்கள். பெண்களைக் கல்லூரிக்குள்ளேயே விடாத காலம் அது. அவர் தொடங்கிய உலர்தாவரக் காப்பகத்தில் இன்றைக்குச் சுமார் 15 லட்சம் மாதிரிகள் இருக்கின்றன.

இப்போ யூகலிப்டஸுக்கு வருவோம்.

டாஸ்மேனியாவிலும் தெற்கு விக்டோரியாவிலும் இயற்கையாக வளர்வது ப்ளூ கம். நம்ம ஊட்டி மரம் அதுதான். அதன் வேகத்தைப் பார்த்து முல்லர் அசந்துபோனார். ஓக் மரம் ஒரு தலைமுறையில் தொடும் உயரத்தை இது சில வருஷத்தில் தொடும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும். இலையில் எண்ணெய். மருந்துக்கடைக்காரர் மூளை சும்மா இருக்குமா? ஜோசப் பொசிஸ்டோ என்ற இன்னொரு மருந்தாளரைத் தூண்டிவிட்டார். 1850-களின் தொடக்கத்தில் மெல்போர்னுக்கு வெளியே ஓர் ஓடைக்கரையில் அவர் வடிக்க ஆரம்பித்ததுதான் வியாபாரரீதியான யூகலிப்டஸ் எண்ணெயின் தொடக்கம். ஊட்டிக் கடையில் நீங்கள் வாங்கும் குப்பிக்குத் தாத்தா அங்கே இருக்கிறார்.

அடுத்து ப்ராஸ்பர் ரமேல் என்ற பிரெஞ்சுக்காரர். 1854-இல் மெல்போர்ன் தோட்டத்தில் ஒரு ப்ளூ கம் கன்றைப் பார்த்தவர் அதன் மேல் காதலே கொண்டுவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். முல்லர் விதை கொடுத்தார், ரமேல் பிரான்ஸுக்கும் அல்ஜீரியாவுக்கும் பரப்பினார். கலிபோர்னியாவுக்குத் தங்க வேட்டைக் காலத்திலேயே மரம் போய்விட்டது. ஆனால் அங்கே அது தோப்பு தோப்பாகப் பெருக ஒரு காரணம், எல்வுட் கூப்பர் என்ற சாண்டா பார்பரா பண்ணையாளர் 1876-இல் வெளியிட்ட புத்தகம். அந்தப் புத்தகத்தில் பெரும்பகுதி முல்லரின் சொற்பொழிவுகள். யூகலிப்டஸ் விதை ரொம்பச் சிறியது. ஒரு தபால் உறைக்குள் ஒரு தோப்பையே அடக்கலாம். தேயிலை, சின்கோனா மாதிரி கண்ணாடிப் பெட்டியில் கன்றை வைத்துக் கப்பலில் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லை. இந்த ஒரு வசதி எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இதெல்லாவற்றையும் விட சுவாரசியமானது ரோம் கதை. ரோமுக்கு வெளியே ட்ரே ஃபொன்டானே என்ற மடம். மலேரியா பயத்தில் மனிதர்கள் விட்டுப்போன சதுப்பு. 1868-இல் டிராப்பிஸ்ட் துறவிகள் அங்கே குடியேறினார்கள். மெல்போர்ன் பேராயர் வழியாக முல்லரின் விதைகள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. துறவிகள் ஆயிரக்கணக்கில் நட்டார்கள். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் அர்த்தம். சதுப்பிலிருந்து எழும் நச்சுக்காற்றுதான் காய்ச்சலுக்குக் காரணம் என்று அன்றைக்கு மருத்துவர்களே நம்பினார்கள். வாசனை உள்ள இலை காற்றைச் சுத்தம் செய்யும், வேர் சதுப்பை உறிஞ்சும் என்பது முல்லரின் கணக்கு. முதல் பாதி தப்பு. இரண்டாம் பாதி சரி, ஏனென்றால் தண்ணீர் தேங்காத இடத்தில் கொசு குறையும். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ராஸ் நம்ம பக்கத்து செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897 ஆகஸ்ட். முல்லர் செத்துப் பத்து மாதம் கழித்து.

சதுப்பை வற்ற வைக்கிற குணமும் ஓடையை வற்ற வைக்கிற குணமும் ஒரே குணம்தான். மரத்துக்கு அது சதுப்பா, உங்க வயலா என்று தெரியாது.

முல்லர் ஏன் இப்படி மரம் மரம் என்று அலைந்தார்? அவர் கண்ணெதிரே தங்கச் சுரங்கக்காரர்கள் விக்டோரியாவின் காடுகளை மொட்டையடித்தார்கள். சுரங்கத்துக்கு முட்டு, இன்ஜினுக்கு விறகு, வீட்டுக்குப் பலகை. காடு போனால் மழைநீர் ஓடைகளின் ஒழுங்கு போகும், மண் அரித்துப் போகும் என்று 1871-இல் மெல்போர்னில் நடத்திய சொற்பொழிவில் விரிவாக எச்சரித்தார். தீர்வாக அவர் சொன்னது நட வேண்டும், வேகமாக வளர்வதை நட வேண்டும் என்பது. அந்த மரம் எந்த நாட்டுடையது என்பது அவருக்கு ஒரு பிரச்சினையே இல்லை. நல்ல மரம் எங்கேயும் நல்ல மரம். ஆஸ்திரேலிய மரத்தை வெளியே அனுப்பிய அதே கை, கலிபோர்னியாவின் ரேடியேட்டா பைன் மரத்தை விக்டோரியாவுக்குள் பரப்பியது. அரிப்பைத் தடுக்க நீரோடைக் கரைகளில் பிளாக்பெரி புதர் வளர்க்கலாம் என்றும் சொன்னார், தானே விதை தூவினார் என்றும் ஒரு கதை உண்டு. இன்றைக்கு ஆஸ்திரேலியாவில் பிளாக்பெரி தேசிய அளவில் அறிவிக்கப்பட்ட களை.

1873 அவருக்கு மோசமான வருஷம். மெல்போர்ன் பெரிய மனிதர்களுக்குத் தோட்டம் என்றால் புல்வெளி, நீரூற்று, சிலை, ஞாயிற்றுக்கிழமை நடை. முல்லருக்குத் தோட்டம் என்றால் பெயர்ப்பலகையோடு வரிசையாக நிற்கும் மரங்கள். புகார் மேல் புகார். கடைசியில் இயக்குநர் பதவியைப் பிடுங்கி, வில்லியம் கில்ஃபாயில் என்ற தோட்டக் கலைஞரிடம் கொடுத்தார்கள். அரசுத் தாவரவியலாளர் என்ற பதவி மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்துக்குள் அவர் கால் வைக்கவே இல்லை என்பார்கள். உண்மையைச் சொன்னால் கில்ஃபாயில் அமைத்த தோட்டம் ரொம்ப அழகு. படங்களில் பார்த்தாலே தெரியும். ஆனாலும் முல்லருக்கு நடந்தது அநியாயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு அடி லண்டனிலிருந்து வந்தது. ஆஸ்திரேலியத் தாவரங்கள் எல்லாவற்றையும் தொகுத்து ஒரே நூலாக எழுதுவது முல்லரின் கனவு. அந்த வேலை கியூ தோட்டத்தின் ஜார்ஜ் பெந்தம் என்பவருக்குப் போனது. அவர் ஆஸ்திரேலியாவை வாழ்நாளில் பார்த்ததே கிடையாது. முல்லர் தன் மாதிரிகளைக் கப்பல் கப்பலாக அனுப்பினார், பெந்தம் எழுதினார். 1863 முதல் 1878 வரை ஏழு தொகுதிகள். அட்டையில் முல்லரின் பெயர் உதவியவர் என்ற இடத்தில். பிராஜெக்ட் முழுக்க நீங்க செய்து, ரிப்போர்ட்டில் வேறொருத்தர் பெயர் முதலில் வந்தால் எப்படி இருக்கும்? அந்த வலிதான்.

இந்த இரண்டு அடிக்கும் பிறகு அவர் உட்கார்ந்து எழுதியது யூகலிப்டோகிராஃபியா. 1879 முதல் 1884 வரை பத்துப் பத்து மரங்களாகப் பகுதி பகுதியாக வந்து, மொத்தம் நூறு யூகலிப்டஸ் வகைகளை விவரித்தது. ஒவ்வொன்றுக்கும் முழுப்பக்கப் படம். மொட்டின் மூடி எப்படி இருக்கும், மகரந்தத் தாள் எப்படி வளையும், இலையின் துளைகள் எந்தப் பக்கம், கட்டை எவ்வளவு உறுதி, எண்ணெய் எவ்வளவு வரும், மரம் எவ்வளவு உயரம் என்று எல்லாம் இருக்கும். உயர விஷயத்தில் கொஞ்சம் ஆர்வக்கோளாறு. 400 அடியைத் தாண்டிய மரங்கள் பத்தி யாராவது சொன்னால் நம்பி அச்சிட்டுவிடுவார். இன்றைக்கு அளந்து உறுதிசெய்த மிக உயரமான யூகலிப்டஸ் சுமார் 100 மீட்டர், அதாவது 330 அடி. அந்த வகைக்கு ஆளும் மரம் என்ற அர்த்தத்தில் ரெக்னன்ஸ் என்று பெயர் வைத்தவரும் முல்லர்தான்.

இவ்வளவு விவரத்திலும் நிலத்துக்குக் கீழே நடப்பதற்கு இடமே இல்லை. இதற்கு ஒரு எளிய காரணம் இருக்கிறது. காப்பகத்து அட்டையில் ஒரு மரம் என்றால் ஒரு கிளை, சில இலை, மொட்டு, பழம். சின்னச் செடி என்றால் வேரும் வரும், அதுவும் ஒட்டியிருக்கிற மண்ணைத் தட்டிவிட்டு. பெரிய மரத்தின் வேர் எந்த அட்டைக்கும் வராது. நம்ம சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்களும் மேல்மண்ணைச் சுரண்டிப் போட்டுவிட்டுத்தானே சாயில் டெஸ்ட்டுக்கு மாதிரி எடுக்கிறார்கள்? மண்ணின் உயிர் முழுக்க இருப்பது அந்தச் சுரண்டிப்போட்ட அடுக்கில்.

இத்தனைக்கும் அவர் எழுதிக்கொண்டிருந்த அதே வருஷங்களில்தான் உலகம் கீழே குனிந்து பார்க்க ஆரம்பித்தது. 1881-இல் டார்வின் மண்புழுக்களைப் பத்தி ஒரு முழுப் புத்தகம் போட்டார். 1883-இல் ரஷ்யாவில் டோகுசேவ், மண் என்பது வெறும் பாறைப்பொடி இல்லை, காலநிலையும் உயிர்களும் சேர்ந்து உருவாக்கும் தனிப் பொருள் என்று காட்டினார். 1885-இல் பெர்லினில் ஆல்பர்ட் ஃபிராங்க் காட்டு மரங்களின் வேர் நுனியில் பூஞ்சை உறை போர்த்தியிருப்பதை விவரித்து, மைக்கோரைசா என்று பெயர் வைத்தார். தமிழில் வேர்ப்பூஞ்சைக் கூட்டு என்று சொல்லலாம். பூஞ்சை தன் நூலிழைகளால் பாஸ்பரஸும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுக்கும், மரம் சர்க்கரை கொடுக்கும். அப்படியென்றால் வேர் என்று நாம் நினைப்பது இரண்டு உயிர்களின் கூட்டணி. விதை உறைக்குள் அதில் ஒன்றுதான் போகும்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி யூகலிப்டஸ் இலையை மட்டும் பார்ப்போம். ஆஸ்திரேலிய மண் ரொம்பப் பழையது. பனியாறுகள் அரைத்துப் புதுப்பிக்காத, கோடிக்கணக்கான வருஷம் மழையில் கரைந்த மண். பாஸ்பரஸ் பஞ்சம். அந்தப் பஞ்சத்தில் பிறந்த மரம் கருமியாக இருக்கும். இலையை உதிர்ப்பதற்கு முன் அதில் இருக்கும் பாஸ்பரஸில் கணிசமான பகுதியையும் நைட்ரஜனில் ஒரு பகுதியையும் உறிஞ்சித் திரும்ப எடுத்துக்கொள்ளும். கீழே விழுவது பெரும்பாலும் கார்பனும் மெழுகும் எண்ணெயும் டானினும். டானின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் இலையில் மிச்சமிருக்கும் கொஞ்சம் நைட்ரஜனும் சீக்கிரம் வெளியே வராது. ஆஸ்திரேலியாவில் இதற்குப் பழகிய கூட்டம் இருக்கிறது. இலை தின்னும் வண்டுகள், கறையான்கள், பூஞ்சைகள், அவ்வப்போது எரிந்து சாம்பலாக்கும் காட்டுத்தீ. அங்கே கணக்கு நேராகிவிடும்.

அதே இலை வேறு நாட்டில் விழும்போது? உள்ளூர் மண்புழுவும் மரவட்டையும் பூஞ்சையும் அந்த மண்ணின் மென்மையான இலைக்குப் பழகியவை. நம்ம விவசாயிகள் நெல் வயலில் தழையுரமாக எதைப் போட்டு மிதிக்கிறார்கள் என்று பாருங்கள். புங்கன், ஆவாரை, கொழிஞ்சி, எருக்கு. சில வாரத்தில் கரைந்து சேறோடு சேறாகிவிடும். தைல மரத்து இலையை யாரும் வயலில் போட மாட்டார்கள். எந்த ஆராய்ச்சிக் கட்டுரையும் படிக்காமலேயே அவர்களுக்குத் தெரியும். தோப்பில் சருகு மெத்தை மாதிரி குவியும், கீழே மண்புழு குறைவு. நைட்ரஜன் இல்லாத கார்பனைத் தின்கிற நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும், பயிருக்குக் கிடைக்காது. மெழுகும் எண்ணெயும் மண்துகளில் படிந்து, காய்ந்த பிறகு முதல் மழை உள்ளே இறங்காமல் மேலேயே ஓடும். மனிதர்கள் இன்னும் இரண்டு வேலை செய்கிறோம். சருகைக் கூட்டி அடுப்புக்கு எடுக்கிறோம். ஏழெட்டு வருஷத்துக்கு ஒருமுறை மரத்தைப் பட்டையோடு வெட்டி லாரியில் ஏற்றுகிறோம். யூகலிப்டஸின் கால்சியம் அதிகம் இருப்பது பட்டையில்தான். மண்ணின் அக்கவுன்ட்டில் டெபாசிட் இல்லை, வித்டிராயல் மட்டும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். ஏற்கெனவே மொட்டையாகிக் கெட்டுப்போன கல்லாங்குத்து நிலத்தில் யூகலிப்டஸ் நட்டால் வெறும் மண்ணாக இருந்ததைவிட நிலைமை மேம்படலாம். கொஞ்சமாவது நிழல், கொஞ்சமாவது கார்பன். எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் விறகு தீர்ந்து தலைநகரையே மாற்றும் நிலை வந்தபோது காப்பாற்றியது இந்த மரம்தான். ஆகவே அங்கே முன்னாடி என்ன இருந்தது, வெட்டிய பிறகு என்ன செய்கிறோம் என்று கேட்காமல் மரத்தை மட்டும் திட்டுவது வீடியோக்காரர்கள் வேலை. புல்வெளியையும் கலப்புக் காட்டையும் அழித்து நட்ட இடத்தில்தான் இழப்பு கண்கூடாக இருக்கும்.

முல்லருக்கு இதெல்லாம் தெரிய வாய்ப்பு இல்லை. கடைசி வருஷங்களில் அவர் கௌரவங்களால் மூடப்பட்டிருந்தார். 1871-இல் வூர்ட்டம்பர்க் மன்னர் கொடுத்த பாரன் பட்டம், 1879-இல் பிரிட்டிஷ் சர் பட்டம், 1888-இல் ராயல் சொசைட்டியின் ராயல் மெடல். பதக்கங்கள் மேல் அவருக்குக் குழந்தைத்தனமான ஆசை. அதை வைத்துக் கேலி செய்தவர்கள் நிறைய. ஆனால் சம்பளமெல்லாம் புத்தகத்துக்கும் செடி சேகரிப்பவர்களுக்கும் போனது, வாழ்ந்தது சாதாரணமாக. காசநோய் பயம் போகவே இல்லை, எந்நேரமும் கழுத்தில் மஃப்ளர். கல்யாணம் இரண்டு தடவை நிச்சயமாகி இரண்டு தடவையும் நின்றுபோனது. வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான கடிதங்களைத் தன் கையாலேயே எழுதினார். 1896 அக்டோபர் 10-ஆம் தேதி, 71 வயதில் மெல்போர்னில் இறந்தார். செயின்ட் கில்டா கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்.

அவர் அனுப்பியதும் கொண்டுவந்ததும் அவருக்குப் பிறகு வளர்ந்துகொண்டே போயின. மண் தன் பதிலை மெதுவாகத்தான் சொன்னது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பைன் நாற்றங்கால் போட்டார்கள். கன்றுகள் மஞ்சளடித்துக் குட்டையாகவே நின்றன. உரம் போட்டும் தேறவில்லை. வேறொரு நாற்றங்காலில் நன்றாக வளர்ந்த பைன் கன்றுகளின் அடியிலிருந்து மண்ணை அள்ளி வந்து தூவியதும் பச்சை ஏறியது. ஸ்டீஃபன் கெஸல் என்ற வனத்துறை அதிகாரி இதை 1927-இல் பதிவு செய்தார். ஆஸ்திரேலியாவில் இயற்கையாகப் பைனே கிடையாது, ஆகவே பைனின் கூட்டாளிப் பூஞ்சையும் கிடையாது. விதை வந்துவிட்டது, கூட்டாளி வரவில்லை. இதன் மறுபக்கம் ஸ்பெயினில் நடந்தது. அங்கே யூகலிப்டஸ் தோப்புகளில் ஆஸ்திரேலியப் பூஞ்சைகளே குடியேறி, மரத்துக்குப் பின்னாலேயே மண்ணையும் தங்கள் வசமாக்கத் தொடங்கிவிட்டன.

அடுத்த பதில் 1966-இல். தெற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் காம்பியர் வட்டாரத்தில் ரேடியேட்டா பைன் முதல் சுற்று அருமையாக வந்திருந்தது. வெட்டினார்கள், மிச்சக் கிளைகளை எரித்தார்கள், மறுபடி நட்டார்கள். பெரும்பாலான இடங்களில் இரண்டாம் சுற்றின் வளர்ச்சி ஏறத்தாழ கால் பங்கு சரிந்திருந்தது. கீவ்ஸ் என்பவர் இந்த அளவுகளை வெளியிட்டபோது வனத்துறை உலகமே பதறியது. எரித்தபோது கிளையோடு போனது நைட்ரஜனும், மண்ணை மூடி ஈரம் காத்த சருகும். பிறகு எரிப்பதை நிறுத்திவிட்டுக் கிளையையும் ஊசியிலையையும் நிலத்திலேயே கிடக்கவிட்டு, களையையும் கட்டுப்படுத்தி நட்டபோது சரிவு நின்றது.

நீலகிரியில் கணக்கு வேறு மாதிரி. இங்கே மரம் நட்டது வெறும் நிலத்தில் இல்லை. சோலைக்காடும் புல்வெளியும் கலந்த மலை, கறுப்பான, ஈரம் பிடிக்கிற மண். 1863-இல் ஊட்டியில் ஆரம்பி தோட்டம் தொடங்கியதிலிருந்து ப்ளூ கம் மேட்டுக்கு மேடு ஏறியது, கூடவே சீகை மரம் என்று நாம் சொல்லும் ஆஸ்திரேலிய வாட்டில். ஊட்டியில் இருக்கும் மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி மையத்தினர் கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சின்ன நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்லாகவே விட்டு, இன்னொன்றில் 1972-இல் ப்ளூ கம் நட்டு, ஓடையில் வரும் தண்ணீரை வருஷக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்து வருஷச் சுற்றில் தண்ணீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிவிட்டுத் தழைக்கவிட்ட இரண்டாம் சுற்றில் இன்னும் அதிகமாகக் குறைந்தது. மண் காய்ந்தால் அதில் இருக்கிற புழுவும் பூஞ்சையும் முதலில் போகும்.

சீகை இன்னும் சிக்கலான கேஸ். அது பயறு வகைக் குடும்பம், வேர் முடிச்சில் பாக்டீரியாவை வைத்துக்கொண்டு காற்றிலிருந்து நைட்ரஜன் எடுக்கும். நைட்ரஜன் நல்லதுதானே என்று கேட்பீங்க. குறைந்த நைட்ரஜனுக்குப் பழகிய மலைப்புல்லுக்கு அது நல்லது இல்லை. மண் கொழுத்தால் களைகள் முந்திக்கொள்ளும். மரத்தை வெட்டினாலும் மண்ணில் சேர்ந்த நைட்ரஜன் உடனே போகாது, விதைகள் பல வருஷம் உயிரோடு காத்திருக்கும். தமிழ்நாடு அரசு 2022-இல் இந்த மாதிரி அந்நியத் தாவரங்களை அகற்றி நிலத்தை மீட்கத் தனிக் கொள்கையே வெளியிட்டது. ஆனால் நீலகிரியில் மரம் அறுக்கும் வேலை சில நாளில் முடிந்துவிடும். அதற்கப்புறம் வருஷா வருஷம் முளைத்து வரும் சீகைக் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டியிருக்கிறது. நாற்றங்காலில் வளர்த்த மலைப்புல்லைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோய், நெல் நாற்று நடுவது மாதிரி குனிந்து நட வேண்டியிருக்கிறது.